சூரியப் புயல் எச்சரிக்கை வந்தால்: டொரண்டோ பக்கத்திலிருந்து அரோரா என்ற துருவ ஒளியைப் பார்ப்பதும் படமெடுப்பதும்

"இன்று இரவு டொரண்டோவில் அரோரா தெரியும்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பரவியதும் ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் கார்கள் வடக்கே கிளம்பிவிடும். பலர் இருட்டில் அரை மணி நேரம் நின்று, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, "எல்லாம் சும்மா" என்று திரும்பிவிடுகிறார்கள். முன்னறிவிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. சூரியனிலிருந்து ஒன்று நம்மை நோக்கிப் புறப்பட்டுவிட்டது என்பதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடலாம். அது வானத்தில் ஒளியைத் தருமா என்பது பூமியைத் தொட முக்கால் மணி நேரம் இருக்கும்போதுதான் தெரியும். இந்த இடைவெளி புரிந்துவிட்டால் வீண் அலைச்சல் பாதியாகக் குறையும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செய்திகளில் வரும் "எக்ஸ் வகைப் பிழம்பு" அரோராவைக் கொண்டுவருவதில்லை. அது எக்ஸ் கதிர் வெடிப்பு. எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் இங்கே வந்து, பகல் பக்கத்தில் சிற்றலை வானொலியைக் கெடுத்துவிட்டுப் போய்விடும். நாம் காத்திருக்க வேண்டியது அதனோடு சில சமயம் வெளியேறும் பிளாஸ்மா மேகத்துக்கு. ஆங்கிலச் சுருக்கத்தில் சி.எம்.இ. என்பார்கள். சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ போன்ற, சூரியனைக் கண்காணிக்கும் கேமராக்கள் சூரியத் தட்டை மறைத்துச் சுற்றியுள்ள ஒளியைப் படமெடுக்கின்றன. அந்தப் படத்தில் மேகம் ஒரு பக்கமாகப் பீய்ச்சிக்கொண்டு போனால் நமக்கு வேலை இல்லை. தட்டைச் சுற்றி முழு வளையமாக விரிந்தால் அது நம் பக்கம் வருகிறது, அல்லது நேர் எதிர்ப்பக்கம் போகிறது. வெடித்த கரும்புள்ளி நம் கண்ணுக்குத் தெரியும் முகத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

மேகம் வந்து சேர வழக்கமாக இரண்டு, மூன்று நாள் ஆகும். 1859 செப்டம்பரில் ஆங்கிலேய வானியலாளர் காரிங்டன் பார்த்த வெடிப்பின் மேகம் சுமார் பதினேழரை மணி நேரத்திலேயே வந்து சேர்ந்தது, அது அபூர்வம். கணினி மாதிரிகள் சொல்லும் நேரத்தில் பத்து மணி நேரம் முன்னே பின்னே ஆவது சாதாரணம். இரவு எட்டு மணிக்கு என்று சொன்னது காலை பத்துக்கே வந்து, நாம் அலுவலகத்தில் இருக்கும்போதே அடித்து ஓய்ந்துவிடலாம். 2024 மே 10 ஒரு விதிவிலக்கு. 3664 என்ற எண்ணுள்ள கரும்புள்ளித் தொகுதியிலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பிய மேகங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வந்தன. நம் நேரப்படி நண்பகலைத் தாண்டியதும் புயல் தொடங்கியது. மாலை ஏழு மணிக்குச் சற்று முன் ஜி5 என்ற உச்ச அளவைத் தொட்டது. இரவு முழுக்கத் தாங்கியது. 2003 அக்டோபருக்குப் பிறகு ஜி5 வந்தது அதுதான் முதல் முறை. லடாக்கின் ஹன்லே வான் ஆய்வகக் கேமராவில்கூட அன்று சிவப்பு ஒளி பதிந்தது. இதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஓடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இனி முக்கியமான விஷயம்: பி-ஸெட், அதாவது காந்தப்புலம் வடக்கே சாய்கிறதா தெற்கே சாய்கிறதா என்று சொல்லும் எண். மேகம் தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது. அந்தப் புலம் தெற்கு நோக்கிச் சாய்ந்திருந்தால் பூமியின் புலத்தோடு பின்னிக்கொண்டு ஆற்றலை உள்ளே விடும். வடக்கு நோக்கி இருந்தால் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். எவ்வளவு வேகமாக வந்தாலும், எவ்வளவு அடர்த்தியாக வந்தாலும் இதுதான் கணக்கு. சூரியனைப் பார்த்து இந்தத் திசையை முன்கூட்டியே சொல்லும் நம்பகமான வழி இன்றுவரை இல்லை. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், எல்1 புள்ளியருகே நிற்கும் விண்கலங்களைக் கடக்கும்போதுதான் அளக்க முடிகிறது. இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலமும் 2024 ஜனவரி முதல் அங்கேதான் சுற்றுகிறது. அது ஏவப்பட்டபோது திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். நமக்கு அன்றாடம் உதவுவது அமெரிக்காவின் விண்வெளி வானிலை மையம் தன் தளத்தில் நிமிடத்துக்கு நிமிடம் புதுப்பிக்கும் சூரியக் காற்று வரைபடம்.

அந்தப் படத்தில் பல கோடுகள் இருக்கும். சிவப்புக் கோடுதான் பி-ஸெட். நடுவில் பூஜ்யக் கோடு. சிவப்பு அதற்குக் கீழே இறங்கினால் தெற்கு. அரை மணி நேரம் மைனஸ் 5 நானோடெஸ்லாவில் (காந்தப்புலத்தின் அலகு) நின்றால் வடக்கே சட்பரி பக்கம் இருப்பவர்கள் வெளியே போய்ப் பார்க்கலாம். டொரண்டோ அகலாங்கில் மைனஸ் 10-க்குக் கீழே ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும். மைனஸ் 20 என்றால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நொடி கீழே குத்திவிட்டு மேலே தாவும் கோட்டை நம்பாதீர்கள், தொடர்ச்சிதான் முக்கியம். கூடவே வேகத்தையும் பாருங்கள். நொடிக்கு 500 கிலோமீட்டர் என்றால் அளந்த காற்று பூமியை அடைய 50 நிமிடம். 800 என்றால் அரை மணி நேரம். நமக்குக் கிடைக்கும் அவகாசம் இவ்வளவே. கார் ஓட்டும் நேரம் இதைவிட அதிகம் என்றால், கோடு இறங்கும்வரை வீட்டிலேயே காத்திருந்தால் முதல் சுற்றைத் தவறவிடலாம்.

மேகம் வந்து மோதும் தருணம் வரைபடத்தில் பளிச்சென்று தெரியும்: வேகம், அடர்த்தி, புல வலிமை மூன்றும் ஒரே நேரத்தில் செங்குத்தாக எகிறும். முதலில் வருவது மேகத்துக்கு முன்னால் குவிந்து தள்ளப்படும் கலங்கிய காற்று. இதில் பி-ஸெட் மேலும் கீழும் தாறுமாறாக ஆடும். சில மணி நேரம் கழித்து மேகத்தின் உட்பகுதி வந்ததும் கோடு நிதானமாகி, ஒரே பக்கம் பல மணி நேரம் நிற்கும். அந்தப் பக்கம் வடக்காக அமைந்துவிட்டால், அன்றைக்கு ஜி4 எச்சரிக்கை இருந்தாலும் தூங்கப் போகலாம். ஆனால் மேகம் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு வருவதால், வடக்கில் தொடங்கியது பின்பாதியில் தெற்கே திரும்புவதும் உண்டு. படுக்கப் போகுமுன் புல வலிமையைப் பாருங்கள். அது 15, 20 நானோடெஸ்லாவுக்கு மேல் நின்றால் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு கே.பி. எண்ணுக்கு வருகிறேன். கைபேசிச் செயலிகள் எல்லாம் இதைத்தான் பெரிய எழுத்தில் காட்டுகின்றன. கே.பி. என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு ஆடியது என்று உலகெங்கும் உள்ள காந்த நிலையங்கள் தரும் மூன்று மணி நேரக் கணக்கு. கே.பி. 5 என்றால் புயல் அளவில் ஜி1. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி கே.பி. 9 என்றால் ஜி5. மூன்று மணி நேரக் கட்டங்கள் உலக நேரப்படி ஓடுகின்றன. நமக்குக் கோடையில் இரவு 8 முதல் 11 வரை ஒரு கட்டம், குளிர்காலத்தில் 7 முதல் 10 வரை. எண் 7 என்று உறுதியாகும்போது அதற்குக் காரணமான ஆட்டம் முடிந்திருக்கலாம். எந்த ஊருக்கு எவ்வளவு பெரிய புயல் வேண்டும் என்று கணக்குப் போட மட்டும் அது உதவும். காந்த அகலாங்கில் (பூமியின் காந்த அச்சை வைத்து அளக்கும் அகலாங்கு) கே.பி. 5-க்கு ஒளியின் தென் எல்லை சுமார் 56 பாகை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ இரண்டு பாகை தெற்கே இறங்கும். டொரண்டோ காந்த அகலாங்கில் சுமார் 53. அதாவது 5, 6 என்றால் வடக்கே அடிவானத்தோடு ஒட்டியபடி. 7-க்குமேல் போனால்தான் கழுத்தை நிமிர்த்த வேண்டிவரும். பூமியின் காந்த அச்சு வடக்கே நம் பக்கமாகச் சாய்ந்திருப்பது நம் அதிர்ஷ்டம். பூகோளப்படி இங்கிலாந்தின் லண்டன் நம்மைவிட எட்டுப் பாகை வடக்கே இருந்தும், அங்கே பார்க்க இதைவிடப் பெரிய புயல் வேண்டும்.

தொலைவிலிருந்து பார்ப்பதால் நிறமும் மாறும். பச்சை ஒளி 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் தருவது. சிவப்பும் ஆக்சிஜன்தான், ஆனால் 200 கிலோமீட்டருக்கு மேலே. ஒளி நமக்கு 1,000 கிலோமீட்டர் வடக்கே இருந்தால் பூமியின் வளைவு அதன் கீழ் 80 கிலோமீட்டர் வரை மறைக்கும்; பச்சை தப்பித்து எட்டிப்பார்க்கும். 1,500 கிலோமீட்டர் என்றால் கீழே 175 கிலோமீட்டருக்கும் அதிகமான பகுதி மறைந்துவிடும். அப்போது சிவப்பு முனைகள் மட்டுமே தெரியும். சிவப்பில் நம் கண் இருட்டில் மிக மந்தம். அதனால் கண்ணுக்குச் சாம்பல் பூசிய மூட்டம், கேமராவுக்கு ரத்தச் சிவப்பு. படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். சும்மா மேகமா, அரோராவா என்று சந்தேகம் வந்தால் ஐந்து நொடிப் படம் ஒன்று எடுங்கள், ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று. ஊர் விளக்கு பட்ட மேகம் ஆரஞ்சாகவோ வெள்ளையாகவோ வந்து நட்சத்திரங்களை மறைக்கும். அரோராவுக்குள்ளிருந்து நட்சத்திரங்கள் தெரியும். இரண்டு படங்களுக்கு இடையில் வடிவமும் மாறியிருக்கும்.

இடம் தேர்வதில் ஒரே விதி: உங்களுக்கு வடக்கே ஊர் இருக்கக் கூடாது. ஒன்டாரியோ ஏரிக்கரை அழகுதான், ஆனால் அங்கே நின்று வடக்கே பார்த்தால் முழு டொரண்டோவும் எரிந்துகொண்டிருக்கும். மார்க்கத்திலிருந்து 48-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் சுமார் ஒரு மணி நேரத்தில் சிம்கோ ஏரியின் தென்கரை. சிபால்ட் பாயின்ட் பக்கம் நின்றால் எதிரே வடக்கே பெரும்பாலும் தண்ணீர். மேற்குப் பக்கம் பாரி நகரின் வெளிச்சம் கொஞ்சம் தொந்தரவு செய்யும். இன்னும் ஓட்டத் தயார் என்றால் ஜோர்ஜியன் விரிகுடாவின் தென்கரையில் தோர்ன்பரி, மீஃபோர்ட். இருட்டுக்குச் சிறந்தது மஸ்கோக்காவில் டொரன்ஸ் பேரன்ஸ் இருள்வான் காப்பகம். வெறும் பாறைத் தளம், மரம் மறைக்காது. பூங்காக்களின் வாயில் இரவில் மூடிவிடும் என்பதால் எங்கே நிறுத்தலாம் என்பதைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் சுமார் பத்துப் பாகை. கே.பி. 5 நாளில் பெரும்பாலும் அந்த ஒரு முஷ்டிக்குள்தான் எல்லாம் நடக்கும். எதிரே மரவரிசை இருந்தால் கதை முடிந்தது.

வானில் மேகமூட்டம் இருக்குமா என்று அறிய வானிலை முன்னறிவிப்பை மட்டும் பார்க்காதீர்கள். செயற்கைக்கோளின் இரவுப் படத்தை ஓடவிட்டு, மேகத்தில் உள்ள ஓட்டை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். நவம்பர், டிசம்பரில் ஏரிகள் கிளப்பும் மேகம் வாரக்கணக்கில் விலகாது. ஜூனில் இரவு 11 தாண்டித்தான் முழு இருட்டு. மார்ச்சும், செப்டம்பர்–அக்டோபரும்தான் என் தேர்வு. சம இரவு நாட்களையொட்டிப் பூமியின் சாய்வு சூரியக் காற்றின் புலத்தோடு இணைய வசதியாக அமைவதால் காந்தப் புயல்களும் அப்போது கூடுதல்.

போய்ச் சேர்ந்த பிறகு பொறுமை. ஒளி சீராக எரியாது. வடக்கே அசையாத ஒரு மங்கலான வில் தெரியும். அது பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ அப்படியே கிடக்கும். பிறகு கீழ் விளிம்பு கூர்மையாகும், பிரகாசம் கூடும், நிமிர்ந்த தூண்கள் முளைத்துப் பக்கவாட்டில் நகரும். அங்கிருந்து வெடித்துப் பரவச் சில நிமிடங்களே. உச்சம் பத்து இருபது நிமிடத்தில் அடங்கி, விட்டு விட்டு மினுக்கும் திட்டுகள் மிஞ்சும். இதைப் பார்த்ததும் கூட்டம் வண்டி ஏறும். பி-ஸெட் இன்னும் கீழேயே இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் அடுத்த சுற்று வரும். காந்த நள்ளிரவையொட்டி இது நடக்க வாய்ப்பு அதிகம். டொரண்டோவுக்கு அது கோடை நேரத்தில் இரவு ஒரு மணி வாக்கில். கனடிய அரசின் ஒட்டாவா காந்த நிலைய வரைபடத்தையும் கைபேசியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்: கோடு திடீரென்று சரிந்தால் அண்ணாந்து பாருங்கள்.

கேமரா. எந்த டி.எஸ்.எல்.ஆரும் மிரர்லெஸ்ஸும் போதும். லென்ஸ்தான் வித்தியாசத்தைத் தரும்: 14 முதல் 24 மி.மீ., எஃப் 2.8 அல்லது அதைவிட அகலம். முதலில் லென்ஸின் முன்னுள்ள யூ.வி. ஃபில்டரைக் கழற்றுங்கள். இதைக் கேட்காமல் போய், இரவு முழுக்க எடுத்த படங்களின் நடுவில் வட்ட வட்டமாக வளையங்களோடு திரும்புபவர்கள் இன்றும் உண்டு. பச்சை ஒளி 557.7 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளம். தட்டையான கண்ணாடியின் இரு பரப்பிலும் பட்டுத் தெறித்து ஒன்றோடொன்று குறுக்கிட்டு அந்த வளையங்களை உண்டாக்குகிறது. வீட்டுக்கு வந்து எதைத் தடவினாலும் போகாது.

அடுத்தது ஃபோக்கஸ். ஆட்டோவை அணையுங்கள். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். பல லென்ஸ்களில் அது துல்லியமாக இருப்பதில்லை, குளிரில் இன்னும் நகரும். லைவ் வியூவைத் திறந்து, கோடையில் வேகா, குளிர்காலத்தில் கேப்பெல்லா போன்ற பிரகாசமான நட்சத்திரத்தை பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி சுருங்கும் வரை வளையத்தைத் திருப்புங்கள். மிகச் சிறியதாகி மறுபடியும் பெரிதாகத் தொடங்கும். ஒரு மயிரிழை பின்னால் வந்து நிறுத்தி, ஒரு துண்டு டேப்பால் வளையத்தை ஒட்டிவிடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் ஜூமை மாற்றியதும் இது கெட்டுப்போகும். வெப்பநிலை இறங்க இறங்க, மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

ரா ஃபைலில் எடுங்கள். வெண்சமநிலையை 4,000 கெல்வின் அளவில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் தாவும். முக்காலியில் வைத்ததும் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள். நீண்ட வெளிப்பாட்டு இரைச்சல் நீக்கியையும் அணையுங்கள். பத்து நொடிப் படத்துக்குப் பின் இன்னொரு பத்து நொடியை அது தின்னும், தூண் எழும்புவது அந்த நேரத்தில்தான். அசையாத மங்கல் வில்லுக்கு எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, 10 நொடி. தூண்கள் நகரத் தொடங்கினால் 3 முதல் 5 நொடி. இதற்கு மேல் போனால் தூண்கள் கரைந்து பச்சைக் குழம்பாகிவிடும். 2024 மே மாதம் போல ஒளி தலைக்கு மேலே வந்துவிட்டால் ஐ.எஸ்.ஓ. 1600-க்கு இறக்கி 1 அல்லது 2 நொடி. கையில் இருப்பது 18–55 கிட் லென்ஸ்தான் என்றால் 18-இல் எஃப் 3.5, ஐ.எஸ்.ஓ. 6400, இரைச்சல் இருக்கும், படமும் இருக்கும். திரையை நம்பி வெளிச்சத்தை முடிவு செய்யாதீர்கள், இருட்டில் எல்லாமே பிரகாசமாகத் தெரியும். ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பாருங்கள்: மொத்தம் சரியாகத் தோன்றும்போதே பச்சை மட்டும் வலது சுவரில் முட்டி வெந்து போயிருக்கும்.

தலைக்கு மேலே எல்லாக் கதிர்களும் ஒரு புள்ளியில் குவிவதுபோல் தெரிவதை மகுடம் என்கிறோம். அந்தப் புள்ளி நேர் உச்சியில் இருக்காது. நம் பக்கத்தில் காந்தக் கோடுகள் சுமார் 70 பாகை சாய்வில் இறங்குவதால், உச்சியிலிருந்து 20 பாகை தெற்கே தள்ளி இருக்கும். எல்லோரும் வடக்கையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கேமராவை அங்கே திருப்பியவருக்குத்தான் படம் கிடைக்கும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் விழும். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். விழுந்ததையும் சூடேற்றினால் மறுபடி கொஞ்சம் ஓடும். செப்டம்பரில் ஏரிக்கரையில் பெரிய எதிரி பனித்துளி: கைச்சூட்டுப் பொதி ஒன்றை ரப்பர் பேண்டால் லென்ஸ் குழலில் கட்டிவிட்டால் முன்கண்ணாடி ஈரமாகாது. திரும்பும்போது கேமராவைக் குளிரிலேயே பைக்குள் போட்டு இறுக மூடி, வீட்டு வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். கார்டை முன்பே எடுத்துக்கொண்டால் அவசரமும் இராது. மரத்தாலான படகுத் துறையில் முக்காலி வைக்காதீர்கள். யாரோ ஒருவர் நடந்தால் போதும், நட்சத்திரம் எல்லாம் புழுவாகிவிடும்.

கைபேசி வைத்திருப்பவர்களுக்கு: லென்ஸைத் துடைத்துவிட்டு, 1x முதன்மைக் கேமராவையே பயன்படுத்துங்கள். 0.5x அகலக் கோணத்தில் பல கைபேசிகளில் ஒளி வாங்கும் திறன் குறைவு. நைட் மோடில், ஏதாவது ஒன்றின் மேல் அசையாமல் சாய்த்து வைத்து, மூன்று நொடி டைமரோடு எடுங்கள். ஆண்ட்ராய்டில் ப்ரோ மோட் இருந்தால் ஐ.எஸ்.ஓ. 1600, 5 நொடி, ஃபோக்கஸ் மலைக் குறியில்.

புயல் முடிந்ததும் நாட்காட்டியில் 27 நாள் கழித்து ஒரு குறி போட்டு வையுங்கள், ஆனால் அதற்குக் காரணமானது சி.எம்.இ. இல்லாமல் சூரிய ஒளிவட்டத்தின் துளையிலிருந்து வரும் வேகக் காற்றாக இருந்தால் மட்டும். துளை பல மாதம் நிலைக்கும். பூமியிலிருந்து பார்க்க, சூரியன் ஒருமுறை சுழல 27 நாள் ஆவதால் அதே காற்று மறுபடி நம்மைத் தொடும். பெரும்பாலும் ஜி1, ஜி2 அளவுதான். சிம்கோ ஏரிக்கரையில் கேமராவுக்கு மட்டும் அடிவானத்தில் ஒரு பச்சைக் கோடு சிக்கலாம். மஸ்கோக்காவுக்கு வடக்கே இருப்பவர்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள். நிலாவில்லாத வாரத்தில் அந்தத் தேதி விழுந்தால் விடுமுறைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.